கிழக்கு பார்த்த பேக்மேன்

டி.வி.யை மரப்பெட்டிக்குள் அடைப்பது மயிலாப்பூருக்குப் புதிதல்ல. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. அதற்குப் பிறகு மாட வீதிகளைச் சுற்றியிருந்த வீடுகளுக்குள் டி.வி. ஒரு மரச்சாமானாகத்தான் நுழைந்தது. நாலு கால், இரண்டு பக்கமும் இழுத்து மூடும் ஷட்டர், நடுவில் பூட்டு. சாலிடேர், டயனோரா என்று நம் ஊர்க் கம்பெனிகளின் பெயர்களைத் தாங்கி வந்தவை. பீரோவின் பூட்டு திருடனுக்காக, டி.வி.யின் பூட்டு எங்களுக்காக. முழுப் பரீட்சை நெருங்கினால் தாத்தா ஷட்டரை இழுத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நேரத்துக்கு மட்டும் ஜாமீன். அதுவும் மறுநாள் கணக்குப் பரீட்சை இல்லையென்றால்.

ஆகவே, ஒரு பழைய டி.வி.யை பிளைவுட் பெட்டிக்குள் மாட்டி, அந்தக் காலத்து வீடியோ கேம் மெஷின் மாதிரி ஒன்று செய்யப்போகிறேன் என்று நான் அறிவித்தபோது, பெட்டி எதற்கு என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

“சாவி யார்கிட்ட இருக்கும்?” என்று மட்டும் அம்மா கேட்டாள்.

அந்தக் காலம் என்று நான் சொல்வது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ராயப்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே, வெளியே கறுப்புத் துணித் திரை தொங்கும் ஒரு அறை. உள்ளே நாலைந்து மெஷின்கள். ஒரு ரூபாய்க்கு ஒரு காயின். அங்கே எல்லோரும் ‘முஸ்தபா’ என்று கூப்பிட்ட ஆட்டத்தின் உண்மையான பெயர் ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993-இல் வெளியிட்டது. தேர்ந்தெடுக்க நாலு பேர் உண்டு. கதையின் நாயகன் ஜாக் டென்ரெக் என்பவர். ஆனால் பாரதம் முழுக்க ஒருமனதாக முஸ்தபா கெய்ரோ என்ற இன்னொரு ஆளைத் தேர்ந்தெடுத்து, ஆட்டத்துக்கே அவன் பெயரை வைத்துவிட்டது. ஜாக்கை எடுத்து ஆடிய பையன்களோடு நாங்கள் பேசுவதில்லை. 1996-இல் ‘காதல் தேசம்’ வந்து ஊரெல்லாம் முஸ்தபா பாட்டு ஒலித்தபோது, ரஹ்மானே நம் கடைக்கு வந்து போயிருக்கிறார் போலும் என்று நினைத்தவர்கள் எங்களில் உண்டு.

மனைவி வங்கியில் வேலை செய்கிறவள். கடன் விண்ணப்பத்தைப் பார்க்கிற அதே கண்ணால் என் வரைபடத்தைப் பார்த்தாள்.

“ஹால்ல 43 இன்ச் எல்.ஈ.டி. இருக்கு. அதுலயே ஆடுங்களேன்.”

இதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. அந்த ஆட்டங்கள் சுமார் 240 வரிகள் கொண்ட படத்துக்காக வரையப்பட்டவை. பிக்சர் ட்யூபில் ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளியோடு கொஞ்சம் கசிந்து கலக்கும். வரைந்தவர்கள் அந்தக் கசிவையும் சேர்த்தே கணக்குப் போட்டார்கள். எல்.ஈ.டி.யில் அதே படம் சதுரம் சதுரமாகப் பெயர்ந்து நிற்கும். போதாக்குறைக்கு, வந்த படத்தைப் பெரிதாக்கி மெருகேற்றித்தான் எல்.ஈ.டி. வெளியே விடும். அதற்கு அது எடுத்துக்கொள்ளும் கண நேரத்துக்குள் மரியோ பள்ளத்தில் விழுந்திருப்பான். பழைய டி.வி.க்கு மெருகேற்றும் புத்தி கிடையாது. வந்ததை வந்த வேகத்தில் காட்டிவிடும்.

“இதெல்லாம் நீங்களே கண்டுபிடிச்சதா?”

உலக வரலாற்றைத் துணைக்கு அழைத்தேன். வீடியோ கேம் வியாபாரமே டி.வி.யைப் பெட்டிக்குள் மாட்டியதில்தான் பிழைத்தது. 1972-இல் கலிஃபோர்னியாவில் அட்டாரி என்ற சின்னக் கம்பெனியில் ஆலன் ஆல்கார்ன் என்ற இளம் எஞ்சினியர், ‘பாங்’ என்ற ஆட்டத்துக்காகக் கடைக்குப் போய் 75 டாலருக்கு ஒரு கறுப்பு வெள்ளை ஹிட்டாச்சி டி.வி. வாங்கினார். நாலடி உயர மரப்பெட்டிக்குள் அதை வைத்து, ஒயர்களைப் பற்றவைத்து, சன்னிவேல் என்ற ஊரில் ஒரு மதுக்கடையில் கொண்டுபோய் நிறுத்தினார். சில நாளில் மெஷின் நின்றுவிட்டது என்று புகார் வந்தது. போய்த் திறந்து பார்த்தால் கோளாறு டி.வி.யில் இல்லை, காசு நிரம்பி வழிந்து அடைத்துக்கொண்டிருந்தது.

“அப்ப இதுல வருமானம் வரும்?” என்றாள் மனைவி. விண்ணப்பம் அந்த இடத்தில்தான் பாஸானது.

ஜப்பான்காரர்களும் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. 1978-இல் டைட்டோ நிறுவனம் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ கொண்டுவந்தபோது, உள்ளே இருந்தது கறுப்பு வெள்ளைத் திரை. அதன் மேல் கலர் தாளை ஒட்டி, கீழே பச்சை, மேலே சிவப்பு என்று காட்டிவிட்டார்கள். இதை என் அப்பாவும் செய்தார். டி.வி.க்கு முன்னால் மாட்டுகிற மூவர்ண பிளாஸ்டிக் தாள் அப்போது கடைகளில் கிடைக்கும்: மேலே வானத்துக்கு நீலம், நடுவே மனிதர்களுக்கு ஆரஞ்சு, கீழே புல்லுக்குப் பச்சை. செய்தி வாசிப்பவர் நீல நெற்றியோடும் பச்சைத் தாடையோடும் முதலமைச்சர் டெல்லி போன விவரத்தைச் சொல்வார். டைட்டோ உலகத்தையே வளைத்துப் போட்டது. என் அப்பாவுக்குக் கிடைத்தது எதிர்வீட்டுக்காரரின் பொறாமை மட்டும்.

இனி டி.வி. வேண்டும். மயிலாப்பூரில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த குண்டு டி.வி.க்கள் எங்கே போயின என்று விசாரித்தால், எல்லா விரல்களும் தி.நகர்ப் பக்கம் நீள்கின்றன. பழசைக் கொடுத்துப் புதுசை வாங்கும் எக்ஸ்சேஞ்ச் திருவிழாக்களில் வரிசையாகப் பலியாகியிருக்கின்றன. காயலான் கடைக்காரர் கையை விரித்தார். “கண்ணாடிக்கு வெயிட் இருக்கு, விலை இல்ல சார். அதுல ஈயம் வேற கலந்திருக்காம். யாரும் வாங்கறதில்ல.”

கடைசியில் டி.வி. கிடைத்தது தெருமுனை இஸ்திரி வண்டிக்கு அடியில். துணி மூட்டை வைக்கும் பீடமாக அது வேலை பார்த்துக்கொண்டிருந்தது. 14 அங்குலம், கலர். தமிழ்நாட்டில் இருக்கும் எவரும் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்ளும் டி.வி.

அதன் ஜாதகம் சாதாரணமானதல்ல. 2006 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. கொடுத்த இலவசக் கலர் டி.வி. வாக்குறுதி; ஆட்சிக்கு வந்ததும் கலைஞர் அரசு எல்காட் நிறுவனம் மூலம் வாங்கிக் கொடுக்கத் தொடங்கியது. ஐந்து வருஷத்தில் ஒன்றரைக் கோடிக்கு மேல் டி.வி.க்கள். இப்படி வாக்குறுதி கொடுப்பது லஞ்சமாகாதா என்று ஒருவர் வழக்குப் போட, அது உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. தேர்தல் அறிக்கையில் சொல்லும் வாக்குறுதி சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது; கூடவே, தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவும் வந்தது. சுப்ரமணியம் பாலாஜி எதிர் தமிழ்நாடு அரசு. டில்லியில் உச்ச நீதிமன்றமே உட்கார்ந்து யோசித்த சாதனம் இங்கே இஸ்திரி வண்டிக்கு அடியில் யார் யாருடைய பேண்ட்டையோ சுமந்துகொண்டிருந்தது.

“விக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க சார்,” என்றார் இஸ்திரிக்காரர். “அதனால நான் விக்கல. நீங்களும் வாங்கல. அடுத்த மாசம் சட்டைக்கு ரெண்டு ரூபா ஏத்துவேன், நீங்க ஏன்னு கேக்கக் கூடாது.”

உச்ச நீதிமன்றமே தலையிடாத விஷயத்தில் நான் யார்?

அடுத்து மெக்கானிக். மந்தைவெளியில் முப்பது வருஷம் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கடை இப்போது மொபைல் கவர் கடையாகிவிட்டது; மகன் நடத்துகிறார். அப்பா உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். ஒரு பிக்சர் ட்யூபை மாட்டவேண்டும் என்றதும் பேப்பரை மடித்துவிட்டு எழுந்துவிட்டார். பழைய சோல்டரிங் அயர்னைத் தேடி எடுத்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கண்டு மகன் கொஞ்சம் கவலைப்பட்டார்.

முதல் பாடம் உயிர் சம்பந்தப்பட்டது. கலர் பிக்சர் ட்யூபுக்குள் போகும் மின்சாரம் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல். பிளக்கைப் பிடுங்கிப் போட்டாலும் ட்யூப் அதைச் சேமித்து வைத்திருக்கும். பின்மூடியைக் கழற்றியதும் ட்யூபின் அகன்ற முதுகில் ஒரு ரப்பர் தொப்பி தெரியும். கைப்பிடி நன்றாக மூடிய ஒரு ஸ்க்ரூ டிரைவரின் கம்பியில் ஒயரைச் சுற்றி, மறுமுனையை ட்யூபைச் சுற்றி ஓடும் எர்த் கம்பியில் மாட்டி, தொப்பிக்கு அடியில் நுழைத்தார். ‘டப்’ என்றது. கூடத்தில் பூனை காணாமல் போயிற்று.

“எப்பவும் ஒரு கை பாக்கெட்டுக்குள்ள இருக்கணும் சார். ரெண்டு கையும் உள்ள போச்சுன்னா கரண்டு நெஞ்சு வழியா போவும்.”

அந்த நிமிஷத்திலிருந்து என் இரண்டு கைகளும் பாக்கெட்டுக்குள். வேலை முடியும்வரை வெளியே எடுக்கவில்லை. படிக்கிற உங்களுக்கும் அதையே சொல்கிறேன்: பின்மூடியைத் திறக்கிற வேலை மெக்கானிக்குடையது.

இரண்டாம் பாடம் எடை. டி.வி.யின் பாரம் முழுக்க முன்பக்கக் கண்ணாடியில். பின்னால் நீண்டிருக்கும் வால் வெறும் காற்றில்லாத கூடு, அதுவும் நுனிக் கழுத்து விரல் பட்டால் முறியும். பிளாஸ்டிக் கூட்டை முழுதாகக் கழற்றி, ட்யூபின் நாலு மூலையில் இருக்கும் இரும்புக் காதுகளை நேராகப் பலகையில் முடுக்கலாம். பார்க்க அழகாக இருக்கும். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். “முன் ஃபிரேம் இருக்கட்டும். காதை அந்த ஃபிரேம்ல முடுக்கி, ஃபிரேமைப் பலகையில முடுக்குவோம். கீழ ஒரு தட்டு. தட்டு பின்னாடி சாஞ்சிருக்கணும், முன்னாடி ஒரு கட்டை. யாராவது ஆட்டத்துல தோத்து மெஷினை உலுக்கினா டி.வி. மடியில விழக்கூடாது பாருங்க.”

இவர் எப்படி இதையெல்லாம் முன்கூட்டியே யோசிக்கிறார் என்று வியந்தேன். அப்புறம்தான் சொன்னார்: தொண்ணூறுகளில் இந்தப் பக்கத்து வீடியோ கேம் கடைகளுக்கு மெஷின் கட்டிக்கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். ஜப்பானிலிருந்து போர்டு மட்டும்தான் வரும், பர்மா பஜார் வழியாகவோ எதன் வழியாகவோ. டி.வி. நம் ஊர்ப் பழைய டி.வி. ட்யூனரை ஓரங்கட்டிவிட்டு, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் நேராக ட்யூபின் கழுத்துப் போர்டில் கொடுத்துவிடுவார். நடுவில் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். இல்லையென்றால் அந்தக் கால டி.வி. சேசிஸில் வீட்டு மின்சாரமே ஓடும். காயின் போடும் பையன் பிடித்திருக்கும் இரும்புப் பிடியிலும் ஓடும். என் முஸ்தபாவுக்கு உயிர் கொடுத்தவர் முப்பது வருஷமாக எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்திருக்கிறார். நான் அவரிடம் ரிமோட்டுக்கு பேட்டரி வாங்கியிருக்கிறேன்.

என் மனதில் ஒரு ஆசை இருந்தது. பேக்மேனின் திரை நின்ற வாக்கில் இருக்கும்: அகலம் 224 புள்ளி, உயரம் 288. நாம்கோ நிறுவனம் 1980-இல் வெளியிட்டபோதே டி.வி.யைப் பக்கவாட்டில் படுக்க வைத்துத்தான் பெட்டிக்குள் மாட்டினார்கள். நாமும் அப்படியே செய்தால் என்ன?

படுக்க வைத்தோம். பேக்மேன் கம்பீரமாக, மஞ்சளாக வந்தான். மேல் மூலைக்குப் போனபோது பச்சையாகிவிட்டான். கீழ் மூலையில் ஊதா.

“பூமியோட காந்தம் சார்,” என்றார் மெக்கானிக். “உள்ள இரும்புல சல்லடை மாதிரி தகடு இருக்கு. டி.வி.யை எந்தப் பக்கம் திருப்பினாலும் தகட்டுல காந்தம் ஏறும். எலெக்ட்ரான் தப்பான கலர்ல போய் விழும்.” டி.வி.யை ஆன் செய்யும்போதெல்லாம் ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம் கேட்குமே, அது தனக்குத்தானே காந்தத்தைக் களையும் சத்தம். அது போதாதபோது கையால் களைய வேண்டும். பையிலிருந்து பெரிய வளையமாகச் சுற்றிய கம்பிச் சுருள் ஒன்றை எடுத்து, பிளக்கில் செருகி, திரைக்கு முன்னால் வட்டம் வட்டமாகச் சுற்றினார். திரையில் வானவில் கலங்கி ஓடியது. சுற்றிக்கொண்டே மெல்லப் பின்வாங்கி, வாசற்படி வரை போய்த்தான் ஸ்விட்சை அணைத்தார். குழந்தைக்குத் திருஷ்டி கழிப்பது மாதிரியே இருந்தது.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “கற்பூரம் வேணுமா?”

நிறம் பெரும்பாலும் சரியாயிற்று. ஒரு மூலையில் மட்டும் லேசான கறை. மெக்கானிக் சுற்றுமுற்றும் பார்த்து, “தெற்கு பாத்து வச்சிருக்கோம். கிழக்கு பாத்துத் திருப்புங்க” என்றார்.

இந்த வாக்கியத்துக்காகவே அம்மா எழுபது வருஷம் காத்திருந்திருக்கிறாள். “நான் சொன்னா மூட நம்பிக்கை. மெக்கானிக் சொன்னா சயன்ஸ்.” நான் மறுக்க முடியாது, ஏனென்றால் சோனி டிரினிட்ரான் டி.வி.க்களின் சர்வீஸ் புத்தகத்திலேயே அது இருக்கிறது: நிறத்தைச் சரிசெய்யும்போது பூமியின் காந்தப் பாதிப்பைக் குறைக்க, செட்டைக் கிழக்கு அல்லது மேற்கு பார்த்து வைக்கவும். டோக்கியோவில் உட்கார்ந்து வாஸ்து எழுதியிருக்கிறார்கள். கிழக்கு பார்த்துத் திருப்பியதும் கறை போனது. அன்று மாலைக்குள் அந்தச் செய்தி அடுக்குமாடி முழுக்கப் பரவி, இரண்டாம் மாடியில் ஒருவர் தன் ஃபிரிட்ஜைத் திருப்பி வைத்தார்.

ஆனால் படுக்க வைக்கும் திட்டத்தை மெக்கானிக் கடைசியில் ரத்து செய்துவிட்டார். காரணம் வெப்பம். டி.வி.யின் காற்றுத் துளைகள் எல்லாம் நின்ற வாக்கில் சூடு மேலேறிப் போவதற்காக வைத்தவை. படுக்க வைத்தால் சூடு போர்டின் மேலேயே தங்கும். பெட்டிக்குள், சென்னை மே மாதத்தில், அக்னி நட்சத்திரத்தின்போது, அது எத்தனை நாள் தாங்கும்? நேராகவே மாட்டினோம். பேக்மேன் நடுவில் கையகலத்துக்கு வந்து போகிறான். முஸ்தபாவுக்கு முழுத் திரையும் உண்டு.

துளைகளுக்கெல்லாம் கொசு வலை அடித்தோம், கொசுவுக்காக அல்ல. டி.வி.யின் சூடு பல்லிகளுக்கு ரொம்பப் பிடிக்கும். பஞ்சாங்கத்தில் பல்லி தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று விலாவாரியாகப் பலன் போட்டிருக்கிறது, பல்லி ஈ.ஹெச்.டி. டிரான்ஸ்ஃபார்மரில் விழுந்தால் என்ன பலன் என்று எங்கேயும் இல்லை. மெக்கானிக்குத் தெரியும். இருவருக்கும் நஷ்டம்.

பெட்டி செய்த கார்பென்டர் தனி ரகம். அவர் கைவரிசை பூஜை அலமாரியிலும் மாடுலர் கிச்சனிலும். என் வரைபடத்தை நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார். “கண்ணாடி இல்லாத டிரெஸ்ஸிங் டேபிளா சார்?” விளக்கினேன். 18 மில்லிமீட்டர் பிளைவுட், வெளியே கறுப்பு மைகா, ஓரத்துக்கு பீடிங். எல்லாவற்றுக்கும் சரி என்றார். பெட்டி வந்தபோது அதன் வயிற்றில் ஒரு டிராயர் இருந்தது. வரைபடத்தில் டிராயர் இல்லையே என்றேன். “டிராயர் இல்லாம ஒரு பர்னிச்சர் செஞ்சு வெளிய அனுப்பினா என் பேரு கெட்டுடும் சார்.” நெற்றியில் ஒரு சின்னத் தாமரையும் செதுக்கியிருந்தார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

பட்டறையிலிருந்து வீட்டுக்குப் பெட்டி மீன்பாடி வண்டியில் வந்தது. கச்சேரி சாலையில் சிக்னலுக்கு சிக்னல் விசாரணை. ஏ.டி.எம். மெஷினா என்றார் ஒருவர். ஓட்டுப் பெட்டியா என்றார் இன்னொருவர். இவ்வளவு பெரிதா என்று சந்தேகமும் பட்டார். ஆட்டோக்காரர் ஒருவர் காயின் துவாரத்தையும் தாமரையையும் பார்த்து, “எந்தக் கோயில் உண்டியல் சார்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஸ்டிக், பட்டன், காயின் மெஷின் எல்லாம் ரிச்சி தெருவில் வாங்கியவை. மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே நுழைந்தால் ராக்கெட்டுக்கு உதிரி பாகம் கேட்டாலும் “எத்தனை பீஸ்?” என்று கேட்கும் தெரு. மூளைக்கு ஒரு ராஸ்பெர்ரி பை. உள்ளங்கையளவு கம்ப்யூட்டர், அதிலிருந்து பழைய டி.வி.யின் மஞ்சள் ஏ.வி. துளைக்கு நேராகப் படம் போகும். இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் டி.வி. முறை வினாடிக்கு 50 தடவை படம் வரையும். ஜப்பான் ஆட்டங்கள் 60 தடவைக்காகச் செய்தவை. டி.வி.யின் வேகத்துக்கு ஆட்டத்தைக் கட்டிப்போட்டால், ஆறு நிமிஷத்துக்கு ஐந்து நிமிஷ ஆட்டம்தான் நடக்கும். இந்த டி.வி. 60-ஐயும் எடுத்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்து மாற்றினேன். அம்மா உடனே ஆட்சேபித்தாள். பழைய வேகத்தில் அவளால் பேக்மேனில் இரண்டு ஸ்டேஜ் தாண்ட முடிந்திருந்தது. இப்போது மெனுவில் இரண்டு பேக்மேன் இருக்கிறார்கள். ஒருவர் மூத்த குடிமக்களுக்கு.

காயின் விஷயத்தில் மத்திய அரசோடு மோத வேண்டியிருந்தது. அந்த மெஷினுக்குள் ஒரு மாதிரி நாணயத்தை மாட்டிவிட்டால், அதே அளவு, அதே உலோகம் இருக்கும் நாணயத்தை மட்டும் விழுங்கும். நம் ஒரு ரூபாயோ வருஷத்துக்கு வருஷம் இளைத்துக்கொண்டே வருகிறது. தொண்ணூறுகளில் வந்த ஸ்டீல் ரூபாய் 25 மில்லிமீட்டர். 2011-இல் வந்தது 22-க்குக் கொஞ்சம் கீழே. 2019 வரிசையில் 20. எங்கள் வீட்டு டப்பாவில் மூன்றும் கலந்து கிடந்தன. முஸ்தபா காலத்து ரூபாயே முஸ்தபாவுக்குப் பொருத்தம் என்று பழைய 25 மில்லிமீட்டரை மாதிரியாக வைத்தேன். அம்மா டப்பாவைக் கொட்டி அவற்றை மட்டும் பொறுக்கிக் கொடுத்தாள். போட்ட காசைத் திரும்ப எடுத்துத் திரும்பப் போட்டுக்கொண்டே இருக்கலாம் என்பது என் ஏற்பாடு.

காசுப் பெட்டியின் சாவியை அம்மா வாங்கிக்கொண்டாள். உள்ளே விழும் காசை வாராவாரம் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து வைக்கிறாள், திருப்பதிக்கு. உண்டியல் என்று கச்சேரி சாலையிலேயே தீர்மானமாகிவிட்டதாம். கலிஃபோர்னியாவில் காசு நிரம்பி ஆட்டம் நின்றது. எங்கள் வீட்டில் காசு ஏழுமலையானிடம் போய்ச் சேர்ந்துவிடுவதால் ஆட்டம் நிற்கிறது. பழைய ஒரு ரூபாய்க்காகக் கோயில் வாசல் பூக்காரரிடமும் இளநீர்க்காரரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

இன்னொரு அம்சம் தினசரி நாடகம். கரண்ட் போய் வந்தால் இந்த டி.வி. தானாக எழாது, ரிமோட்டில் தட்டி எழுப்ப வேண்டும். எழுந்தாலும் நேராக ஏ.வி.க்குப் போகாது, ஒன்றாம் நம்பர் சேனலில் புள்ளி மழை பொழியும். மறுபடி ரிமோட். ஆக, காயின் போட்டு, ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் விருந்தாளியிடம், “ஒரு நிமிஷம், ரிமோட்டைத் தேடறேன்” என்று சொல்ல வேண்டியிருந்தது. கார்பென்டர் வைத்த டிராயர் இப்போது ரிமோட்டுக்கு. அவர் பெயர் கெடவில்லை.

ஒன்பதாவது படிக்கும் மகள் இதன் பக்கமே வரவில்லை. “இவ்ளோ பெரிய பெட்டிக்கு இத்துனூண்டு ஸ்க்ரீனா?” என்று கேட்டதோடு சரி. அவள் மனம் மாறியது நவராத்திரியில். ஹாலில் பெட்டி நிற்கும் கிழக்கு பார்த்த இடம்தான் வருஷா வருஷம் கொலு வைக்கும் இடம். பெட்டி நகராது, கொலுவும் நகராது. கொலுப்படி ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். எங்களிடம் இருப்பது ஐந்து. பெட்டியின் ஸ்டிக் பலகையை ஒரு படி, தலையை ஒரு படி என்று கணக்கு வைத்து ஏழாக்கி அம்மா சேர்த்துக்கொண்டாள். தலையில் தசாவதாரம். வடக்கு மாட வீதியில் வாங்கிய செட்டியார் பொம்மை, அரிசி பருப்புக் கடையோடு, காயின் துவாரத்துக்குப் பக்கத்தில் அமர்ந்தது.

வெற்றிலை பாக்கு வாங்க வந்த மாமிகள் குழந்தைகளைப் பாட்டுப் பாடச் சொல்வது வழக்கம். பாடத் தெரியாத குழந்தைகளுக்கு இந்த வருஷம் மாற்று ஏற்பாடு இருந்தது. முதலில் குழந்தைகள் ஆடினார்கள். பிறகு மாமிகள். மூன்றாம் மாடி மாமி, சுண்டல் கையோடு ஸ்டிக்கைப் பிடித்து முஸ்தபாவை ஒரே காயினில் மூன்றாம் ஸ்டேஜ் வரை கொண்டுபோனார். எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். ராயப்பேட்டைப் பக்கம், ஜெராக்ஸ் கடையை ஒட்டி ஒரு சந்து, அண்ணனைக் கூப்பிடப் போகிற சாக்கில், என்றார். அவரும் ஜாக்கைத் தொட்டதில்லையாம். அன்று முதல் மகள் அவரிடம் பாடம் கேட்கிறாள், என்னிடம் அல்ல.

செலவுக் கணக்கை மனைவி எழுதி வைத்திருக்கிறாள், எனக்குக் காட்டவில்லை. வருமானம் திருப்பதியில் இருக்கிறது.

என் தீர்ப்பு இதுதான்: பெட்டிக்குள் மாட்ட 14 அங்குலம் சரி. 21 என்றால் தூக்க இரண்டு பேர் வேண்டும். 29 அங்குலம் வேண்டவே வேண்டாம். அதை எங்கே வைக்கிறீர்களோ, வீடு காலி செய்யும்வரை அங்கேதான் இருக்கும். பிக்சர் ட்யூபை இப்போது யாரும் புதிதாகச் செய்வதில்லை, அதைத் திறக்கத் தெரிந்தவர்களும் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். ஆகவே மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு வாசகர்களே, உங்கள் பரணில் ஒரு சின்ன டி.வி. கிடந்தால் குப்பைக்குப் போடுமுன் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். மெக்கானிக்கோடு வந்து நானே எடுத்துப்போகிறேன். பழைய ஒரு ரூபாய் இருந்தால் அதையும் கொடுங்கள். ஆட்டம் நின்று இரண்டு வாரமாகிறது.